காரில் வழிகாட்ட எது போதும்: போனா, கம்பெனி நேவிகேஷனா?

ஷோரூமில் வேரியண்ட் பட்டியலைக் கையில் கொடுத்ததும் பல குடும்பங்கள் தயங்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. நடு வேரியண்ட்டில் தொடுதிரை இருக்கிறது, போனில் உள்ள செயலிகளைக் காரின் திரையில் காட்டும் ஆண்ட்ராய்ட் ஆட்டோவும் ஆப்பிள் கார்பிளேயும் வேலை செய்கின்றன. மேல் வேரியண்ட்டில் இன்னும் பெரிய திரை, கூடவே ‘இன்பில்ட் நேவிகேஷன்’, அதாவது கம்பெனியே காருக்குள் வைத்துத் தரும் வழிகாட்டி, என்று ஒரு வரி. “ஜி.பி.எஸ். காரிலேயே இருக்கு சார், போனே வேண்டாம்” என்கிறார் விற்பனையாளர். “அதுதான் போன்லயே கூகுள் மேப் இருக்கே” என்கிறார் வீட்டில் ஒருவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அந்த ஒரு வரிக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்பதற்கு மட்டும் இரண்டிலும் பதில் இல்லை. அதற்கு உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

வழிகாட்டுவது ஒரே வேலை போலத் தெரிந்தாலும் அதற்குள் நான்கு வேலைகள் இருக்கின்றன. வண்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது ஒன்று. அந்த இடத்தை வரைபடத்தில் சரியான சாலையின் மேல் உட்கார வைப்பது அடுத்தது. பிறகு போக வேண்டிய இடத்துக்கு வழி போட வேண்டும். அந்த வழியில் இந்த நிமிடம் என்ன நிலவரம் என்றும் தெரிய வேண்டும். முதல் வேலைக்கான சிக்னல் எல்லோருக்கும் இலவசம். போன், கம்பெனி ஸ்கிரீன், கடையில் மாட்டும் ஸ்டீரியோ எல்லாம் ஒரே செயற்கைக்கோள்களைத்தான் கேட்கின்றன. மீதி மூன்றில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம். நாம் காசு கொடுப்பதும் அந்த மூன்றுக்குத்தான்.

வானத்திலிருந்து வருவது

ஜி.பி.எஸ். அமெரிக்க அரசின் அமைப்பு. தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் முப்பது சொச்சம் செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓயாமல் இரண்டு செய்திகளைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது: இப்போது என் கடிகாரத்தில் மணி என்ன, நான் எங்கே இருக்கிறேன். அந்தச் சிக்னல் நம்மை வந்து சேர ஏறத்தாழ 0.067 விநாடி ஆகும். எவ்வளவு தாமதமாக வந்தது என்று பார்த்தால் தூரம் தெரிந்துவிடும். பல செயற்கைக்கோள்களிடமிருந்து தூரம் தெரிந்தால் நாம் இருக்கும் புள்ளி கிடைத்துவிடும். நம் பக்கத்தில் இருக்கும் கருவி கேட்க மட்டும்தான் செய்கிறது, எதையும் மேலே அனுப்புவதில்லை. அதனால்தான் டேட்டா இல்லாத காட்டுக்குள்ளும் நீலப் புள்ளி நகர்கிறது.

இதில் கடிகாரம்தான் எல்லாம். ரேடியோ அலை ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் ஓடிவிடும். கடிகாரம் அவ்வளவு பிசகினால் போதும், கார் இரண்டு தெரு தள்ளி நிற்பதாகக் காட்டும். செயற்கைக்கோளில் அணுக் கடிகாரம் இருக்கிறது. நம் போனில் இருப்பது சாதாரண குவார்ட்ஸ். அந்தப் பிசகையும் ஒரு விடை தெரியாத எண்ணாக வைத்துக் கணக்குப் போடுவதால், இடத்துக்கு மூன்று, நேரத்துக்கு ஒன்று என்று குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவைப்படுகின்றன. ஐன்ஸ்டீனின் சார்பியல் கூட இதில் நேரடியாக வருகிறது. ஈர்ப்பு குறைந்த உயரத்தில் இருப்பதால் மேலே உள்ள கடிகாரம் முந்தும், வேகமாக ஓடுவதால் கொஞ்சம் பிந்தும்; இரண்டையும் கழித்துப் பார்த்தால் தரையில் உள்ளதைவிட ஒரு நாளைக்கு 38 மைக்ரோ விநாடி முந்திவிடும். அதைச் சரிசெய்யாமல் விட்டால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டருக்கு மேல் பிழை சேரும்.

2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கு வந்த சிக்னலை அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே கலங்கலாக்கி வைத்திருந்தது. அதை நிறுத்திய பிறகுதான் கார்களில் இது உருப்படியான பொருளானது. இப்போது ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்கும் சிப் நடுத்தர விலை போனிலேயே இருக்கிறது. திறந்த வெளியில் ஐந்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். ஆகவே “காரில் இருப்பதுதான் துல்லியமான ஜி.பி.எஸ்.” என்று யாராவது சொன்னால் அதற்காக மட்டும் பணத்தை எடுக்காதீர்கள்.

தென்னிந்தியாவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைத்ததற்கே அதுதான் காரணம். அந்தக் கோட்டை ஒட்டிய பகுதிகளில் அயனி மண்டலம் (வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றம் கொண்ட அடுக்கு) அதிகம் கொந்தளிக்கும், குறிப்பாகச் சூரியன் மறைந்த பிறகு சில மணி நேரம். அதன் வழியாக வரும் சிக்னல் தாமதமாகும், சில நேரம் துடிக்கும். இந்தத் தாமதம் அலைவரிசைக்குத் தகுந்தபடி மாறுவதால், எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசைகளைக் கேட்கும் கருவி இரண்டையும் ஒப்பிட்டுத் தாமதத்தைக் கழித்துவிடும். உயரமான கட்டடங்களில் பட்டுத் தெறித்து வரும் பொய்ச் சிக்னலைப் பிரித்தறியவும் எல்5 உதவும். போன் வாங்கும்போது ‘இரட்டை அலைவரிசை ஜி.பி.எஸ்.’ என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. கார் கம்பெனியின் விளம்பரப் புத்தகத்தில் இந்த விவரத்தை அபூர்வமாகத்தான் பார்க்க முடிகிறது.

ஜி.பி.எஸ். போல நம் நாடு சொந்தமாக அமைத்த நாவிக்கைப் பற்றியும் கேட்பார்கள். ஏழு செயற்கைக்கோள்கள், இந்தியாவும் அதைச் சுற்றி 1,500 கிலோமீட்டரும் என்ற திட்டம். 2013 ஜூலையில் முதல் செயற்கைக்கோள் போனது. பிறகு சிலவற்றில் வெளிநாட்டு ரூபிடியம் கடிகாரங்கள் பழுதாகின. 2023இல் போன என்.வி.எஸ்.-01இல் நம் நாட்டிலேயே செய்த அணுக் கடிகாரம் இருந்தது. 2025 ஜனவரியில் ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதலாகப் போன என்.வி.எஸ்.-02 சரியான சுற்றுப்பாதைக்கு ஏற முடியவில்லை. இந்த அமைப்பு முழு பலத்தோடு வர வேண்டும் என்பது என் ஆசை. செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேலேயே நிற்பதால் நெருக்கமான தெருக்களில் அது பெரிய துணையாக இருக்கும். ஆனால் இன்றைக்கு ‘நாவிக் உண்டு’ என்ற வரியை வைத்து ஒரு காரைத் தேர்ந்தெடுக்க அவசியமில்லை.

கத்திப்பாராவில் ஒரு விநாடி

துல்லியம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றால், கம்பெனி நேவிகேஷன் எங்கே ஜெயிக்கிறது? சென்னையில் பல சாலைகள் பிரியும் கத்திப்பாரா மேம்பாலத்துக்கு வாருங்கள்.

விமான நிலையம் பக்கமிருந்து வரும் வண்டிக்கு, மேலே ஏறி நேராகக் கிண்டி, ஒரு கிளை வடபழனி, இன்னொன்று போரூர் பக்கம். கிளை பிரியும் இடத்தில் இரண்டு பாதைகளுக்கும் நடுவே சில மீட்டர்தான். ஐந்து மீட்டர் பிழை உள்ள புள்ளிக்கு இரண்டுமே பொருந்தும். உயரத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதுவும் சிரமம். செயற்கைக்கோள்கள் எல்லாம் நமக்கு மேலேதான் இருக்கின்றன, கீழே ஒன்றும் இல்லை. அதனால் உயரக் கணக்கு எப்போதும் பக்கவாட்டுக் கணக்கைவிடத் தளர்வாகவே வரும். மேம்பாலத்தின் மேலா, கீழா என்று போன் குழம்புவது இதனால்தான். கடந்த சில விநாடிகளில் வந்த தடத்தைப் பார்த்து, எந்தச் சாலையில் இருக்க வாய்ப்பு அதிகம் என்று மென்பொருள் ஒரு முடிவெடுக்கிறது. தப்பாக எடுத்தால், பிரிவைத் தாண்டிய பிறகு புள்ளி ஒரு தாவு தாவி, குரல் “வழி மாற்றப்படுகிறது” என்கிறது. அதற்குள் நீங்கள் வேறு திசையில் இறங்கிக்கொண்டிருப்பீர்கள்.

நல்ல கம்பெனி அமைப்பில் இதே விநாடியில் வேறு தகவலும் சேர்கிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்.ஸுக்காக ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள சென்சார் எத்தனை சுற்று சுற்றியது என்று சொல்கிறது. வண்டிச் சட்டத்தோடு இறுக்கிப் பொருத்திய கைரோ எவ்வளவு திரும்பியது என்று சொல்கிறது. சிலவற்றில் ஏற்றம் இறக்கமும் தெரியும். வண்டி இடது பக்கம் லேசாக வளையத் தொடங்கியதுமே எந்தக் கிளை என்று முடிவாகிவிடும். போனிலும் கைரோ உண்டு. ஆனால் அது ஹோல்டரில் ஆடிக்கொண்டிருக்கிறது, சக்கரம் சுற்றுவதும் அதற்குத் தெரியாது.

சுரங்கப்பாதையில் இந்த வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். கோவையிலிருந்து திருச்சூர் போகிறவர்களுக்குக் குதிரான் சுரங்கம் பழக்கம். உள்ளே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு வானமே கிடையாது. போன் கடைசியாகத் தெரிந்த வேகத்தை வைத்து ஊகித்துப் புள்ளியை நகர்த்தும். உள்ளே லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் ஊகம் பிசகும். சக்கர சென்சார் உள்ள கார் நின்றால் நின்றதாகவும் ஓடினால் ஓடியதாகவும் காட்டும். இந்த முறை, கார்களுக்கு ஜி.பி.எஸ். வருவதற்கு முன்பே இருந்தது. 1981இல் ஹோண்டா கொண்டுவந்த கருவி செயற்கைக்கோள் எதுவும் இல்லாமல் கைரோவையும் ஓடிய தூரத்தையும் மட்டும் வைத்து, கண்ணாடி போன்ற வரைபடத் தாளின் பின்னால் புள்ளியை நகர்த்தியது. செயற்கைக்கோளைக் கேட்டு வழிகாட்டும் கார் 1990இல்தான் ஜப்பானில் வந்தது, மாஸ்டாவின் யூனோஸ் காஸ்மோ.

குதிரானுக்குள் திரும்ப வேண்டிய இடம் எதுவும் இல்லை, எனவே புள்ளி பிசகினாலும் நஷ்டமில்லை. நம் ஊரில் வழி பிரியும் சுரங்கங்கள் மிகக் குறைவு. இந்த ஒரு பலத்துக்காக மட்டும் மேல் வேரியண்ட்டுக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. தவிர, ஆண்ட்ராய்ட் ஆட்டோவிலும் கார்பிளேயிலும் கார் தன் ஆன்டெனா, சக்கர வேகம் ஆகியவற்றைப் போனுக்குக் கொடுக்க வழி இருக்கிறது. கார் கொடுக்கிறதா என்பதுதான் மாடலுக்கு மாடல் மாறும்.

வரைபடம் பழசானால்

கம்பெனி நேவிகேஷன் தோற்கும் இடம் இது. புள்ளி எவ்வளவு சரியாக இருந்தாலும், அதன் அடியில் இருக்கும் வரைபடம் போன வருடத்தது என்றால் பயன் பாதிதான். சென்னையில் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகள் தொடங்கியதிலிருந்து ஆற்காடு சாலையிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் எத்தனை முறை ஒருவழிப் பாதை மாறியது, எத்தனை யூ-டர்ன் மூடப்பட்டது என்று அங்கே ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். நேற்று மாற்றிய பாதை இன்று தெரிய வேண்டுமென்றால் வரைபடம் இணையத்திலிருந்து வர வேண்டும். பல காரில் வரைபடம் உள்ளேயே சேமிக்கப்பட்டிருக்கும். அதைப் புதுப்பிக்க சர்வீஸ் சென்டருக்குப் போவதோ, யூ.எஸ்.பி.யில் இறக்கிக்கொண்டு வந்து சொருகுவதோ, சந்தா கட்டுவதோ இருக்கும். முதல் சில வருடங்கள் இலவசம் என்பார்கள். காரை நாம் பத்து வருடம் வைத்திருப்போம். இலவசம் முடிந்த பிறகு என்ன விலை என்று வாங்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதற்குப் பதில் வராத கடையில் இந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

போன் பக்கத்தில் கூகுள் மேப்ஸ் நமக்குப் பழகியது, தமிழ்க் குரலும் இருக்கிறது. 2024 ஜூலையில் நாற்பது இந்திய நகரங்களில் மேம்பாலம் வரும்போது முன்கூட்டியே சொல்லும் வசதியைக் கொண்டுவந்தார்கள். குறுகிய சாலை என்று எச்சரிப்பது அப்போது எட்டு நகரங்களில் வந்தது, சென்னையும் கோவையும் அதில் உண்டு. மேப்மைஇந்தியாவின் மேப்பிள்ஸ் செயலியையும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். 1995இல் தொடங்கிய இந்திய நிறுவனம், கார் கம்பெனிகள் பலவற்றுக்கும் வரைபடம் கொடுப்பது அவர்கள்தான். சந்திப்புகளில் எந்த லேனில் போக வேண்டும் என்று படமாகவே காட்டுவது அதில் எனக்குப் பிடித்த விஷயம். வேகத்தடையையும் முன்னதாகவே சொல்லிவிடும். கடை, கல்யாண மண்டபம், புதிதாகத் திறந்த ஆஸ்பத்திரி என்று தேடினால் கூகுளில்தான் சட்டென்று கிடைக்கிறது.

நெரிசல் விஷயத்தில் போன்தான் முன்னால் இருக்கிறது, அதற்குக் காரணம் எண்ணிக்கை. சாலையில் நகரும் போன்களின் வேகத்தைச் சேர்த்துப் பார்த்துத்தான் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று கோடு போடுகிறார்கள். 2020இல் பெர்லினில் ஒரு கலைஞர் 99 பழைய போன்களை ஒரு சின்னத் தள்ளுவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு நடந்தார். காலியாக இருந்த தெரு வரைபடத்தில் சிவப்பாகிவிட்டது. அப்போது கூகுள் கொடுத்த விளக்கத்தில் நமக்குப் பயனுள்ள தகவல் ஒன்று வந்தது: காரையும் மோட்டார் சைக்கிளையும் பிரித்துப் பார்க்கும் வசதி இந்தியா, இந்தோனேசியா, எகிப்து போன்ற நாடுகளில் இருக்கிறது. நம் சாலைக்கு இது மிக முக்கியம். சிக்னலில் பைக்குகள் சந்து பொந்தில் புகுந்து போய்விடும், கார் அப்படியே நிற்கும். இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் கார் ஓட்டுகிறவருக்குப் பொய்யான நேரம்தான் கிடைக்கும். கார் கம்பெனியிடம் இருப்பது அதன் சொந்த இணைய வசதி உள்ள கார்களின் தரவும், வெளியிலிருந்து வாங்கும் தரவும். அதனால் திருச்சி புறவழிச்சாலையில் நிலவரம் சரியாகச் சொன்னாலும், உள் தெருக்களில் பல நேரம் கோடே இருக்காது.

அப்புறம் மலை. வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு எழுபது. நடுவில் சிக்னல் வரும் போகும். காரிலேயே வரைபடம் சேமித்திருந்தால் இங்கே கவலை இல்லை, இது அதன் உண்மையான பலம். போனிலும் புறப்படும் முன் அந்தப் பகுதியின் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால் வழி தெரியும். நெரிசல் நிலவரமும் மாற்று வழியும் மட்டும் வராது. இன்னொரு சிறு தொல்லை உண்டு. செயற்கைக்கோளின் சுற்றுப்பாதை விவரம் விநாடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில்தான் வானிலிருந்து இறங்குகிறது. போன் அதை இணையத்தில் நொடியில் எடுத்துக்கொள்ளும். சிக்னல் இல்லாத இடத்தில் அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் இடத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். மலை ஏறும் முன்பே வழியைத் தொடங்கிவிட்டு அணைக்காமல் விடுவதுதான் சரி.

எந்தக் கருவிக்கும் தெரியாத சில விஷயங்கள் இருக்கின்றன. வழி போடும் கணக்கு, சாலைகளை முடிச்சும் கோடுமாக வைத்து எதில் நேரம் குறைவு என்று பார்க்கிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. 2024 ஜனவரியில் கூடலூரில் சுற்றுலா வந்தவர்களின் கார், செயலி காட்டிய வழியில் போய் வீடுகளுக்கு நடுவே செங்குத்தான படிக்கட்டில் மாட்டிக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி போய்விட்ட பாலத்தின் மேல் ஏறிய கார் ராமகங்கை ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். தடுப்பு வைக்காத குற்றம் பெரிது. ஆனாலும் இரவில், தெரியாத ஊரில், முன்னால் ஒரு வண்டியும் போகாத சாலையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும் என்பதையும், 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும் என்பதையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

எதை எடுப்பது

போனை ஹோல்டரில் மாட்டி ஓட்டுவதுதான் எல்லாவற்றிலும் மலிவு. வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாதபடி போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் முதல் மோட்டார் வாகன விதியிலும் இடம் கொடுத்திருக்கிறார்கள். கையில் பிடித்துப் பேசுவதற்கு அது அனுமதி இல்லை. இதன் பெரிய எதிரி நம் வெயில். சித்திரை மாதத்தில் முன்கண்ணாடியில் ஒட்டிய போன், முழு வெளிச்சத்தில் திரை, சார்ஜ் ஏறிக்கொண்டிருக்க, ஜி.பி.எஸ். ஓட, ஒரு கட்டத்தில் சூடாகித் திரையை மங்கலாக்கும், சார்ஜை நிறுத்தும். மதுரை தாண்டி நான்குவழிச் சாலையில் மதியம் போனவர்களுக்கு இது தெரியும். ஏ.சி. காற்று வரும் துவாரத்தில் மாட்டும் ஹோல்டர் வாங்கினால் போன் குளிர்ச்சியாகவே இருக்கும். இரண்டாவது தொல்லை போன் அழைப்பு. சரியாகத் திருப்பம் வரும் நேரத்தில் அழைப்பு வந்து திரையை மறைக்கும்.

ஆண்ட்ராய்ட் ஆட்டோ அல்லது கார்பிளே இந்த இரண்டு தொல்லையையும் தீர்க்கிறது. போன் நிழலில் கிடக்கும், வரைபடம் பெரிய திரையில் வரும், அழைப்பு வந்தாலும் ஓரத்தில் நிற்கும். வயர் இல்லாத இணைப்பு சுகம்தான், ஆனால் வைஃபை ஓடுவதால் போன் சூடாகும், சில கார்களில் நடுவழியில் அறுந்துபோகும். நெடுந்தூரம் போகும்போது நல்ல கேபிள் போட்டு ஓட்டுங்கள். அடிக்கடி அறுகிறது என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதில்தான் கோளாறு. நகரத்திலேயே ஓட்டுகிறவர்களுக்கும், மாதத்துக்கு ஒருமுறை சொந்த ஊர் போகிறவர்களுக்கும் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. நடு வேரியண்ட்டிலேயே இது கிடைத்தால் அங்கேயே நின்றுவிடலாம்.

கம்பெனி நேவிகேஷனுக்குப் பணம் கொடுக்கலாம் என்று நான் சொல்வது இரண்டு பேருக்கு. ஒரே காரைப் பல பேர் ஓட்டும் வீடு அல்லது அலுவலகம் முதலாவது. யார் உட்கார்ந்தாலும் காரே வழி சொல்லும், ஒவ்வொருவர் போனையும் இணைக்க வேண்டியதில்லை. இரண்டாவது, மின்சாரக் கார் வாங்குகிறவர்கள். பேட்டரியில் எவ்வளவு மீதி, இந்த ஏற்றத்தில் எவ்வளவு தின்னும், எந்த ஊரில் நிறுத்தி எவ்வளவு நேரம் சார்ஜ் போட வேண்டும் என்று காரோடு பேசி வழி போடும் அமைப்பு அங்கே ஒரு தேவை. கோவையிலிருந்து ஊட்டி ஏறும்போது பேட்டரி எப்படிக் கரைகிறது என்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பேட்டரி நிலவரம் தெரியாத போன் செயலியால் இதைச் செய்ய முடியாது.

பழைய காருக்கு ஆண்ட்ராய்ட் ஸ்டீரியோ மாட்டுவது இன்னொரு வழி. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் விதவிதமாகக் கிடைக்கும். இதில் மாட்டுகிறவர் கைதான் முக்கியம். அதோடு வரும் ஜி.பி.எஸ். ஆன்டெனா தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, கீழே காந்தம், ஒரு நீள வயர். அவசரத்தில் அதை ஸ்டீரியோவுக்குப் பின்னால், இரும்புச் சட்டத்துக்குள் திணித்துவிடுவார்கள். 20,000 கிலோமீட்டர் தாண்டி வரும் மெலிந்த சிக்னல் அந்த இரும்பில் நின்றுபோகும், பிறகு புள்ளி சாலையை விட்டு வயலில் ஓடும். டாஷ்போர்டின் மேல், முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள், நின்று பார்த்து வாங்குங்கள். உலோகம் கலந்த சூடு தடுக்கும் பிலிம் ஒட்டிய கண்ணாடியும் சிக்னலைக் குறைக்கும். வயரை வெட்டாமல் கப்ளரில் மாட்டினால் மட்டும் சரி சொல்லுங்கள், வெட்டினால் வாரண்டியில் சிக்கல் வரும். ஸ்டீரியோவுக்குள்ளேயே இருக்கும் மேப்பை விட, அதில் ஆண்ட்ராய்ட் ஆட்டோ ஓடுகிறதா என்பதைப் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம். வழிகாட்ட மட்டுமே இருக்கும் கார்மின் போன்ற தனிக் கருவிகளுக்கு வெளிநாடுகளில் இன்னும் ஆள் இருக்கிறது. இங்கே அதற்குச் செலவழிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

எந்த வேரியண்ட்டாக இருந்தாலும் டெஸ்ட் டிரைவில் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். விற்பனையாளர் காட்டும் நேர்ச்சாலையில் எல்லாமே நன்றாகத்தான் ஓடும். உங்கள் ஊரில் மேம்பாலமும் சர்வீஸ் ரோடும் பிரியும் இடத்துக்கு ஓட்டிப் போங்கள். உங்கள் போனைக் கேபிளில் இணைத்து ஒருமுறை, காரின் சொந்த நேவிகேஷனில் ஒருமுறை அதே பிரிவைக் கடந்து பாருங்கள். அப்புறம் கடந்த ஆறு மாதத்துக்குள் மாறிய ஒரு தெருவைக் கார் நேவிகேஷனில் தேடுங்கள். கடைசியாக, போனின் டேட்டாவை அணைத்துவிட்டு இரண்டையும் உங்கள் வீட்டுக்கு வழி கேளுங்கள்.